சுமைதாங்கியும் வேம்பும்

2005ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், சிலர் வாகனத் தரிப்பிடம் ஒன்றின் மீற்றரில் காசைப் போட்டனர். ஆனால் வாகனம் எதையும் நிறுத்தவில்லை. புல்லை விரித்து, மரமொன்றை வைத்து, ஒரு வாங்கையும் போட்டு, வழிப்போக்கரை இரண்டு மணித்தியாலம் அமரச் செய்தனர். வேடிக்கைபோல் தொடங்கிய இம்முயற்சியை 2010இல் அந்நகர நிர்வாகமே ஒரு திட்டமாக ஏற்றுக்கொண்டது. ஆசனங்களும் செடித் தொட்டிகளும் சேர்ந்த சிறு மேடைகள் தெருவோரங்களில் எழுந்தன. அருகிலுள்ள கடைக்காரரோ அயலவரோ தமது செலவில் அமைத்துப் பராமரிக்க வேண்டும். ஆயினும் எவரும் காசு செலவிடாது அங்கு அமரலாம் என்பது அன்றைய விதி.

அந்த விதியைப் படித்தபோது எனக்கு யாழ்ப்பாணத்து வீதிகளே நினைவுக்கு வந்தன.

எமது பழைய வீதிகளில் மடம், கேணி, தண்ணீர்த் தொட்டி, ஆவுரஞ்சிக்கல், சுமைதாங்கி, நிழல்மரம் ஆகியன பெரும்பாலும் ஒன்றையொன்று அடுத்தே இருந்தன. மனிதர் இளைப்பாற மடம், மாடு நீரருந்தத் தொட்டி, அதே மாடு உடலை உராய்ந்து கொள்ள ஒரு கல். பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடத்தில் வீதியே மடத்தின் ஊடாகச் செல்கிறது. இருபுறமும் திண்ணைகள், கற்றூண்கள் தாங்கும் கூரை மேலே.

இவற்றுள் சுமைதாங்கியே என்னை அதிகம் சிந்திக்க வைப்பது. நட்ட இரு கற்களின் மேல் கிடையாக ஒரு கல், அவ்வளவுதான். தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் இன்னொருவர் கை வேண்டும். சந்தைக்குத் தனியே நடக்கும் பெண்ணுக்கு அந்தக் கை கிடைப்பதில்லை. நின்றபடியே சுமையை நகர்த்தி வைக்கத்தக்க உயரம் அக்கல்லுக்கு உண்டு. கருவுற்றிருந்தபோது இறந்த பெண்ணின் நினைவாகவே குடும்பத்தார் அதனை நாட்டுவர். அவள் சுமந்தபடியே போன பாரம், பிறர் தம் பாரத்தை இறக்கி வைப்பதனால் தணியும் என்பது நம்பிக்கை.

அக்காலத்தை நான் போற்றிப் பாட வரவில்லை. மடத்தையும் கிணற்றையும் எல்லோரும் சமமாக அனுபவித்தனர் என எழுதினால் அது பொய்யாகும். பொது இடங்களில் சாதியின் பேரால் ஒருவரை விலக்குவது குற்றம் என 1957இல் சட்டம் வந்தது. அதன் பின்னரும் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் போராட வேண்டியிருந்தது. வேம்பின் நிழலுக்கு மட்டுமே காவல் போட முடியவில்லை.

எங்கள் ஒழுங்கை முகப்பிலும் ஒரு சுமைதாங்கியும் அதனருகே ஒரு வேம்பும் நின்றன. சுண்ணக்கல் நிலத்தில் கன்று பிழைப்பது எளிதன்று. முதல் மூன்று கோடையும் அதற்குத் தண்ணீர் வார்த்தவர் என் அப்பாச்சி. ஆடு கடிக்காமல் பனைமட்டையால் அடைத்தவர் எதிர்வீட்டுக்காரர். அவ்விரு வீட்டாருக்கும் வேலித் தகராறு இருந்தது, பேச்சுவார்த்தை இல்லை. ஆயினும் மரம் வளர்ந்தது. பின்னாளில் அதன் கீழே ஒரு பலகை வாங்கு வந்தது. சுற்றிவரச் செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் நட்டார்கள். எவர் நட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போர் முடிந்தபின் வீதியை அகலமாக்கினார்கள். அகலமான வீதி வேண்டியதே. அம்புலன்ஸ் வண்டி வர முடியாத ஒழுங்கைகளை நான் அறிவேன். ஆனால் வேம்பு தறிக்கப்பட்டது. சுமைதாங்கியின் கிடைக்கல்லை மதகொன்றின் ஓரத்தில் கண்டேன். அதே இடத்தில் இப்போது இரண்டு சீமெந்து ஆசனங்களும் நான்கு பூந்தொட்டிகளும் உள்ளன. நான் போனது ஒரு சித்திரை மாத நண்பகல். ஆசனத்தில் கைவைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. தொட்டிகளில் செடிகள் கருகியிருந்தன.

"தண்ணி ஊத்திறது ஆர்?" என்று எதிர்க் கடைக்காரரைக் கேட்டேன்.

"அது சபையின்ர சாமான் ஐயா. நாங்கள் தொட்டால் பிழையெல்லோ" என்றார்.

அவரது கடை வாசலில், பழைய பெயின்ற் வாளியொன்றில், கறிவேப்பிலைக் கன்று செழித்து நின்றது.