ஆர்க்காட்டு ரூபாயின் கருமை

இரண்டாம் ஆலம்கீரின் பெயரைத் தாங்கிய ஆர்க்காட்டு ரூபாயின் ஆண்டெண்ணை நம்பிக் காலம் கணிப்பவர் ஏமாறுவார். சென்னை நாணயச்சாலையில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த அவ்வெள்ளிக் காசில் ஹிஜ்ரி 1172 என்றும் ஆட்சியாண்டு 6 என்றும் பாரசீகத்தில் பொறித்திருக்கும். அது கி.பி. 1758–59. பேரரசர் 1759இல் கொல்லப்பட்டார். ஆண்டெண்ணோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் மாறாமல் தொடர்ந்தது. 1807க்குப் பின் இயந்திரத்தில் அடித்த காசுகளிலும் அதே 1172தான். பழைய ஆண்டு பொறித்த ரூபாய்க்குச் சராபுகள் 'வட்டம்' பிடித்த காலம் அது. வங்காளத்தில் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டைக் கம்பெனி நிலைநிறுத்தியதும் அத்தொல்லையை ஒழிக்கவே.

எழுத்து கைவிடும் இடத்தில் காசின் உடல்தான் சான்று. அடித்த முறை, எடை, தேய்மானம், சராபுகள் குத்திய சிறு முத்திரைகள், அவற்றின் பள்ளங்களில் படிந்த கருமை ஆகியவற்றைக் கொண்டே ஒரு ரூபாய் எவ்வளவு காலம் கைமாறியது, எங்கே உறங்கியது என ஊகிக்க முடியும்.

சித்தூர்–திருப்பதி வட்டாரத்துக்கு இது நெருக்கமான செய்தி. திருமலைக் கோயிலின் வருவாய் 1801 முதல் 1843இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்தரிடம் ஒப்படைக்கப்படும் வரை கம்பெனியின் மேற்பார்வையில் இருந்தது. அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூர். வராகனும் பணமும் ரூபாயும் ஒருங்கே வழங்கிய அக்காலத்தில், எந்தக் காசு எவ்வளவு பெறும் என்பதைச் சராபின் கண்ணும் விரலும் முடிவு செய்தன. அந்தப் பரிசோதனையின் தழும்புகள் காசின் மேற்பரப்பில்தான் இருக்கின்றன.

அந்த மேற்பரப்பையே துலக்கித் தேய்ப்பது பழக்கமாகிவிட்டது. பித்தளைக்குப் புளி, வெள்ளிக்குத் திருநீறு என்பது வீட்டு வழக்கம். பூசைப் பாத்திரத்துக்கு அது முற்றிலும் பொருந்தும். பாத்திரத்துக்குச் செய்வதைக் காசுக்கும் செய்வதில்தான் சிக்கல். இதில் மொழியும் ஓரளவு உடந்தை. 'களிம்பு' செம்பின் பச்சையைக் குறிக்கும் சொல். செம்போடு உடன்பிறந்து இரசகுளிகையால் நீங்குவதாகச் சைவ சித்தாந்தம் அதனை ஆணவ மலத்துக்கு உவமையாக்கியது. வெள்ளியின் படலத்துக்கோ பேச்சில் தனிப்பெயர் இல்லை. வெள்ளி 'கறுத்துவிட்டது' என்பதோடு சரி. பெயர் பெறாத அப்படலம் அழுக்கின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

வேதியியல்படி அது வெள்ளி சல்பைடு. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் உருவாவது. மெல்லியதாக இருக்கையில் பொன்மஞ்சள், பின் செம்பழுப்பு, நீலம், முடிவில் கருமை எனப் படிப்படியாக நிறம் மாறும். அதிலுள்ள வெள்ளி காசிலிருந்தே வந்தது. ஆகவே படலத்தை உரசி எடுக்கும்போது காசின் ஒரு பகுதியும் போகிறது. சென்னை ரூபாயின் 1818ஆம் ஆண்டு நிர்ணயம் 180 கிரெயின் எடை, அதில் 165 கிரெயின் தூய வெள்ளி. புழக்கத்தில் குறைந்த எடை எது, துலக்கியதில் குறைந்தது எது என்று பின்னர் எந்தத் தராசும் பிரித்துச் சொல்லாது. தயோயூரியா கரைசலில் தோய்ப்பது உரசலினும் மென்மையானதாகத் தோன்றலாம். அதுவும் படலத்தோடு வெள்ளியைக் கரைத்தே எடுக்கிறது. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் சல்பைடை மீண்டும் வெள்ளியாக்கும், ஆனால் பழைய மேற்பரப்பு திரும்பி வராது. உயிரற்ற வெண்மைதான் மிஞ்சும். பழகிய சேகரிப்பாளர் அதனைப் பார்த்தவுடன் கண்டுகொள்வார், விலையையும் குறைப்பார். பளபளப்பையே பழமையின் தரமாகக் கருதும் புதியவர்தான் கூடுதல் விலை தருகிறார்.

எதையும் தொடவே கூடாது என்பதன்று. மண்ணில் நெடுங்காலம் கிடந்த காசில் வெள்ளி குளோரைடு தடித்துப் பொறிப்பையே மறைக்கும்; கலப்பிலுள்ள செம்பு பச்சையாக வெளியேறும். அங்கே ஆய்வகச் சிகிச்சை தேவை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களில் எஸ். பரமசிவன் வளர்த்த வேதியியல் பிரிவு, வெண்கலங்களை மின்பகுப்பு முறையில் காத்துப் பெயர் பெற்றது. நோயுற்ற பொருளுக்குச் செய்த அவ்வகைச் சிகிச்சைக்கும் விற்பனைக்காகத் துலக்குவதற்கும் தொடர்பில்லை.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறது. பொருளின் தன்மையும் அளவும், கிடைத்த இடம், கிடைத்த நாள் ஆகியவற்றை அவர் குறிப்பிட வேண்டும். காசில் ஒட்டியிருந்த மண்ணைப் பற்றியும் அதன் நிறத்தைப் பற்றியும் அந்தப் பட்டியல் எதுவும் கேட்பதில்லை.