இரட்டை டிரெய்லரும் மோட்டார் வாகனச் சட்டமும்: தென்காசி வட்டாரத்தை முன்வைத்து

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆம் பிரிவு டிரெய்லர்களின் பதிவைப் பற்றியது. இழுக்கும் வண்டியின் பதிவெண் டிரெய்லரின்மீது தெரிய வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட டிரெய்லர்கள் மாட்டியிருந்தால் கடைசி டிரெய்லரின்மீது தெரிய வேண்டும் என்று அதன் மூன்றாம் உட்பிரிவு விதிக்கிறது. ஒரு வண்டி பல டிரெய்லர்களை இழுத்துச் செல்லும் என்பதை நாடாளுமன்றம் எதிர்பார்த்தே சட்டம் இயற்றியது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. இரண்டு டிரெய்லர் மாட்டுவதையே மத்தியச் சட்டம் குற்றமாக்கிவிட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது, ஆகவே, பிழை. ஆனால் அந்த உட்பிரிவு பதிவெண்ணோடு நின்றுவிடுகிறது. வண்டியும் இரண்டு டிரெய்லர்களுமாக மூன்று உறுப்புகள் கொண்ட தொடர் மொத்தம் எவ்வளவு எடை இருக்கலாம், எதைக் கொண்டு நிற்கும், எந்தச் சாலையில் போகலாம் என்ற கேள்விகளுக்கு அங்கே விடையில்லை.

இக்கட்டுரையின் வாதம் இதுதான்: டிராக்டரையும் அதன் பின்னால் வரும் டிரெய்லர்களையும் வரியும் பர்மிட்டும் கேட்கும் இடத்தில் ஒரே வண்டியாகக் காணும் நம் சட்டம், உயிர்ப் பாதுகாப்பு என்று வரும் இடத்தில் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. இந்த முரணைக் களையப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கையிலிருக்கும் அதிகாரமே பெருமளவு போதும்.

இதற்குத் தென்காசி வட்டாரத்து ஆய்க்குடியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மேக்கரையில் அடவிநயினார் அணை தேக்கும் அனுமன் நதியின் பாசனத்தில் கார், பிசானம் என்று இரு பருவமும் நெல் விளையும் பகுதி இது. வயலில் உழும் அதே டிராக்டர்தான் அறுவடைக்குப் பின் நெல் மூட்டையையும் வைக்கோலையும் ஏற்றிக்கொண்டு சாலைக்கு வருகிறது. வேளாண் வேலை ஓய்ந்த மாதங்களில் செங்கல்லும் மண்ணும் ஏற்றுகிறது. சாலை என்றால் ஊர்ச்சாலை மட்டுமன்று. சில கிலோமீட்டரில் திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744 வந்துவிடும். கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாகப் புளியரை எஸ் வளைவில் ஏறிக் கேரளத்துக்குள் நுழையும் அந்தச் சாலையில் கனரக லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. கார் பருவ நாற்று நடவும் குற்றாலச் சீசன் கூட்டமும் ஒரே மாதங்களில் வருவதால், ஜூன் முதல் ஆகஸ்டு வரை சுற்றுலா வேனும் டிராக்டரும் ஒரே தடத்தில் முன்னும் பின்னுமாகப் போகின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கும் ஊர் ஆய்க்குடி. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வு தரும் பணியை அங்கே நேரில் பார்த்தவர்களுக்கு, டிரெய்லர் பிரேக்கைப் பற்றிய விதி வெறும் காகிதப் பேச்சாகத் தோன்றாது.

சட்டத்தின் அடிப்படை வரையறைகளிலிருந்து தொடங்குவோம். பிரிவு 2(28)இன்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. எஞ்சின் இல்லை என்பதால் அது விலக்குப் பெறுவதில்லை. எனவே ஒவ்வொரு டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். பொது இடத்தில் ஓடும் மோட்டார் வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்னும் 146ஆம் பிரிவையும் அதனோடு சேர்த்தே படிக்க வேண்டும். எடையைக் கட்டுப்படுத்தும் 113ஆம் பிரிவு, மோட்டார் வாகனமோ டிரெய்லரோ அதன் பதிவுச் சான்றில் குறித்த மொத்த எடையைத் தாண்டக் கூடாது என்கிறது. தாண்டினால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஆனால் இந்தக் கணக்கு ஒவ்வொரு டிரெய்லருக்கும் தனியாகப் போடும் கணக்கு. வரம்புக்குள் ஏற்றிய இரண்டு டிரெய்லர்கள் சேர்ந்து ஒரு டிராக்டரின் தாங்குதிறனை மீறினால் அந்தப் பிரிவின் வாசகத்துக்குள் அது எளிதில் அகப்படாது.

நீளத்தைப் பொறுத்தவரை நிலைமை சற்று மேல். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 93ஆம் விதி டிராக்டர்–டிரெய்லர் இணைப்பு முழுவதற்கும் 18 மீட்டர் என்று நெடுங்காலம் உச்சவரம்பு வைத்திருந்தது. 2020இல் அந்த விதி திருத்தப்பட்டது. தொடரை ஒரே பொருளாக அளக்கச் சட்டத்துக்குத் தெரியும் என்பதற்கு இவ்விதியே சாட்சி. அளவுநாடாவுக்கு ஒன்றாகத் தெரிவது எடைமேடைக்கும் பிரேக்குக்கும் ஏன் ஒன்றாகத் தெரியவில்லை என்பதே கேள்வி.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் படித்தால் முரண் தெளிவாகும். நாகசெட்டி எதிர் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் வழக்கில் (2001), டிராக்டர் ஓட்டும் உரிமம் பெற்றவர் பின்னால் டிரெய்லர் மாட்டியதாலேயே உரிமம் இல்லாதவராக ஆகிவிடமாட்டார் என்று நீதிமன்றம் கூறியது. நட்வர் பாரிக் எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் (2005), டிராக்டரும் டிரெய்லரும் இணைந்தால் அது சரக்கு வாகனம் என்ற வகைக்குள் வந்துவிடும் என்று முடிவு செய்தது. இரண்டும் அவற்றின் சூழலில் நியாயமானவை. முதல் தீர்ப்பு இல்லாவிட்டால், காப்பீட்டு நிறுவனங்கள் உரிமத்தைக் காரணம் காட்டி விபத்தில் இறந்தவரின் குடும்பத்தை நடுத்தெருவில் விட்டிருக்கும். அதை நான் குறைகூறவில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் கிடைக்கும் படம் என்ன? பர்மிட்டுக்கும் வரிக்கும் அது புதியதொரு வண்டி. ஓட்டுநரின் திறமையை அளக்கும்போது மட்டும் அது பழைய டிராக்டரே.

இலகுரக வாகனத்தை வரையறுக்கும் பிரிவு 2(21) இதை மேலும் கூர்மையாக்குகிறது. சரக்கு வாகனமாக இருந்தால் சுமையோடு சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும். டிராக்டராக இருந்தால் சுமையில்லாத எடையைத்தான் பார்க்க வேண்டும். நம் வயல்களில் ஓடும் டிராக்டரின் எடை ஏறத்தாழ இரண்டு டன். அது எத்தனை டன்னை இழுத்தாலும் ஓட்டுநர் இலகுரக வாகன ஓட்டுநரே. இலகுரக உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6ஆம் தேதி ரம்பா தேவி வழக்கில் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. அங்கேயாவது சுமையின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு. இரட்டை டிரெய்லர் இழுப்பவருக்கு அந்த வரம்புகூட உரிமத்தின் வழியாக வருவதில்லை.

இனி எந்திரத்தைப் பார்க்க வேண்டும். அதைப் பாராமல் இந்தச் சட்டத்தைப் பற்றி எழுதுவது வீண். பண்ணை டிராக்டரின் பிரேக் பொதுவாகப் பின்சக்கரங்களில் மட்டுமே இருக்கும். அதுவும் இடது வலது என இரு மிதிகளாகப் பிரிந்திருக்கும். வயலில் ஒரு பக்கச் சக்கரத்தைப் பிடித்து வண்டியைச் சட்டெனத் திருப்புவதற்கான ஏற்பாடு அது. சாலைக்கு வந்ததும் இரு மிதிகளையும் கொண்டி போட்டு ஒன்றாக்க வேண்டும். கொண்டி போடாமல் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் டிராக்டர் பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளும். பின்னால் வரும் டிரெய்லருக்குத் தன் பிரேக் இல்லையென்றால் அது டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போகும்; இறக்கத்தில் இந்தத் தள்ளல் பன்மடங்காகும். இரு சக்கர டிரெய்லர் தன் சுமையில் ஒரு பங்கைக் கொக்கி வழியாக டிராக்டரின் பின்சக்கரத்தின்மேல் இறக்குவதால் அந்தச் சக்கரத்துக்கு நிலத்தில் பிடிப்புக் கூடும். இரண்டாவதும் இரு சக்கர டிரெய்லராகவே இருந்தால் கதை மாறிவிடுகிறது. அதன் கொக்கிச் சுமை முதல் டிரெய்லரின் அச்சுக்குப் பின்னால் விழுவதால் முதல் டிரெய்லரின் முன்பக்கம் மேலே தூக்கப்பார்க்கும். டிராக்டரின் பின்சக்கரத்தின்மேல் இருந்த சுமை குறையும். பிரேக் இருக்கும் ஒரே இடம், பிரேக் மிகத் தேவைப்படும் நேரத்தில் பிடிப்பை இழக்கிறது. இதோடு, முன்வண்டியின் சிறு ஆட்டம் கடைசி டிரெய்லரில் பெரிதாக வெளிப்படும் என்பதும் வளைவில் கடைசிச் சக்கரங்கள் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும் என்பதும் பொறியியலில் நன்கு நிறுவப்பட்டவை. புளியரை வளைவில் எதிரே வரும் பைக்காரருக்கு இந்த இரண்டும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பழைய சட்டக்காரர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பல மாகாணங்கள் வகுத்த விதிகளில், டிரெய்லரின் பிரேக்கை ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்து இயக்க முடியாவிட்டால் அதை இயக்க ஓர் ஆள் டிரெய்லரில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. இன்றைய வேகத்தில் அந்த ஆளை நம்பிப் பயனில்லை. ஆனால் ஒவ்வோர் உறுப்புக்கும் பிரேக் வேண்டும், அது ஒருவர் கையில் இருக்க வேண்டும் என்ற அதன் கருத்து இன்றும் சரியானது.

இங்கே காப்பீட்டைத் தொட்டாக வேண்டும், ஏனென்றால் விபத்துக்குப் பின் ஏழையின் வீட்டில் எஞ்சுவது அந்தத் தாள்தான். நடவுக்கும் அறுவடைக்கும் போகும் பெண்கள் டிரெய்லரில் ஏறிப் போவதை யாரும் அறிவர். ஓரியன்டல் இன்சூரன்ஸ் எதிர் பிரிஜ் மோகன் வழக்கில் (2007), வேளாண்மைக்கென்று காப்பீடு பெற்ற டிராக்டர் செங்கல் சூளைக்கு மண் ஏற்றியது. டிராலிக்குக் காப்பீடு இல்லை. அதில் சென்ற தொழிலாளி அடிபட்டார். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சட்டப்படி பொறுப்பில்லை என்று சொன்ன நீதிமன்றம், அரசியல் சாசனத்தின் 142ஆம் பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு, இழப்பீட்டை முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவிட்டது. ஒரு கூலித் தொழிலாளி தன் இழப்பீட்டுக்கு உச்ச நீதிமன்றத்தின் சிறப்பு அதிகாரம் வரை போக வேண்டியிருந்தது. இரண்டாவது டிரெய்லர் சேரும்போது பதிவும் காப்பீடும் இல்லாத உறுப்பு தொடரில் இருக்கும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது.

பிறநாட்டு அனுபவத்தில் நமக்கு மிக அருகில் இருப்பது பிரிட்டன். அங்கே 1986ஆம் ஆண்டு வாகனக் கட்டமைப்பு விதிகளின் 83ஆம் விதி, மோட்டார் டிராக்டர் ஒரு டிரெய்லர் இழுக்கலாம், இரண்டுமே வெற்று டிரெய்லராக இருந்தால் இரண்டு இழுக்கலாம் என்கிறது. எண்ணிக்கையைச் சுமையோடு சேர்த்துப் பார்க்கும் இந்த எளிய அறிவு நம் விதிகளில் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1934இலேயே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பாலைநிலத்தில் பல டிரெய்லர்களை இழுக்கும் ரோட் டிரெயின் ஓடியது. ஆனால் அது ஆளில்லாப் பெருவெளி. 2025இல் நாக்பூரில் வால்வோ நிறுவனம் 25.25 மீட்டர் நீள ரோட் டிரெயினை அறிமுகம் செய்தபோது, இந்தியாவிலும் இரட்டைத் தொடர் வந்துவிட்டது என்று சிலர் மகிழ்ந்தார்கள். அது அதற்கென்றே வடிவமைத்துச் சோதித்த வண்டி. அதைக் காட்டிப் பண்ணை டிராக்டரின் இரட்டை டிரெய்லரை நியாயப்படுத்த முடியாது.

முழுத் தடை வேண்டும் என்பாரும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. கோலாப்பூர், சாங்லி, பெலகாவி கரும்புப் பகுதிகளில் இரட்டை டிரெய்லர் இழுக்கும் டிராக்டர்களைச் சர்க்கரை ஆலை வாசல்களில் வரிசையாகப் பார்க்கலாம். ஆலைக்கு அரவைக்காலத்தின் அவசரம். வண்டிக்காரருக்கு டீசல் செலவு. ஒரு நடையில் முடியும் வேலைக்கு இரண்டு நடை போ என்று மட்டும் சொன்னால் சுமை முழுவதும் சின்ன ஆளின் தலையில் விழும். வாசுதேவநல்லூர் ஆலையைச் சார்ந்திருந்த நம் பகுதிக் கரும்பு விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஆகவே பொறுப்பு, சரக்கை வாங்கும் ஆலைக்கும் சூளைக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் சேர வேண்டும். பதிவெண்ணும் காப்பீடும் பிரேக்கும் இல்லாத டிரெய்லரில் வந்த சரக்கை எடைமேடையில் ஏற்றுவதில்லை என்று அவர்கள் முடிவெடுத்தால், சாலையில் நிற்கும் காவலரைவிட அது வலுவாக வேலை செய்யும்.

சட்டத்தின் தரப்பில் 115ஆம் பிரிவு ஏற்கனவே இருக்கிறது. பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ சாலை, பாலத்தின் தன்மை கருதியோ, ஒரு பகுதியிலோ குறிப்பிட்ட சாலையிலோ டிரெய்லர்களின் பயன்பாட்டைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கும் அது அதிகாரமளிக்கும் அலுவலருக்கும் அந்தப் பிரிவு வெளிப்படையாக இடம் தருகிறது. விலக்குகளையும் நிபந்தனைகளையும் சேர்க்கவும் அனுமதிக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாடாக இருந்தால் அரசிதழ் அறிவிக்கைகூட வேண்டாம். உள்ளூரில் பரவலாகத் தெரிவித்தாலே போதும். தென்காசி 2019 நவம்பர் முதல் தனி மாவட்டம். தனி ஆட்சியர், தனி வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் எல்லாம் இருக்கின்றன.

அரசுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த கார் பருவத்துக்கு முன், 115ஆம் பிரிவின்கீழ் தேசிய நெடுஞ்சாலை 744இலும் குற்றாலம் செல்லும் சாலைகளிலும் சுமையேற்றிய இரண்டாவது டிரெய்லரைத் தடைசெய்யுங்கள். ஊர்ச்சாலையில் வெற்று டிரெய்லரை இரண்டாவதாக மாட்டிச் செல்ல, ஓட்டுநரின் கைக்கு எட்டும் பிரேக்கும் பின்புறச் சிவப்பு ஒளிர்ப்பானும் பதிவெண்ணும் இருந்தால், அனுமதியுங்கள். தொடரின் மொத்த எடைக்கு வரம்பு வகுக்குமாறு மத்திய அரசுக்கு எழுதுங்கள்.