வடாற்காட்டுக் கூத்து வாத்தியார்கள்

வடாற்காட்டுப் பகுதியில் தெருக்கூத்துக் குழுவை நடத்துபவர் ‘வாத்தியார்’ என்று அழைக்கப்படுகிறார். அவர் பாடகர், நடிகர், ஆசிரியர். கணக்கு பார்ப்பவரும் சண்டை தீர்ப்பவரும் ஊராரிடம் பேரம் பேசுபவரும் அவரே. கூத்தைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒப்பனை, அடவு, கதை ஆகியவற்றை விவரிக்கின்றன. குழுவை நடத்தியவர்களைப் பற்றி அவற்றில் சில வரிகளே இருக்கும். கூத்து இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்தச் சில வரிகளுக்குள் இருக்கிறது.

நிலப்பகுதி

வேலூருக்குத் தெற்கே உள்ள பாகாயம் இன்று கிறித்துவ மருத்துவக் கல்லூரி வளாகத்தால் அறியப்படும் இடம். அங்கிருந்து தெற்கே கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாக ஆரணி, செய்யாறு நோக்கிச் செல்லும் நிலம் முழுவதும் திரௌபதியம்மன் கோயில்கள் உள்ளன. இப்பகுதி 1989 வரை ஒரே வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்தது. பிறகு வேலூர், திருவண்ணாமலை எனப் பிரிந்தது. 2019-ல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. கூத்துக்காரர்கள் இந்த எல்லைகளைப் பொருட்படுத்துவதில்லை. அவர்களுக்கு இருப்பது வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்ற பிரிவு மட்டுமே. தெற்கத்திப் பாணி தென்னார்க்காட்டுப் பகுதிக்கு உரியது.

கோடையில் நடக்கும் பாரத விழாவே குழுக்களின் முதன்மையான வருமானக் காலம். ஊரைப் பொறுத்து விழா பத்து நாள் முதல் பதினெட்டு நாள், அதற்கு மேலும் நீளும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தையோ நல்லாப்பிள்ளை பாரதத்தையோ ஒட்டிக் கதை சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். திரௌபதி கல்யாணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசை செல்லும். கடைசி நாள் காலையில் களிமண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தின் மேல் படுகளம் நடக்கும். மாலையில் தீமிதி.

வாத்தியாரின் வேலை

விழா தொடங்கும் முன்பே வாத்தியாரின் வேலை தொடங்கிவிடும். ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்குடன் முன்பணம் கொடுத்து நாள் குறிப்பார்கள். எத்தனை இரவு, எந்தெந்த நாடகம், எத்தனை ஆள், சாப்பாடு யார் வீட்டில், பந்தல் வெளிச்சம் யார் பொறுப்பு என்பதெல்லாம் அப்போது பேசி முடிவாகும். அன்று விட்டுப்போன ஒன்று விழா நடுவில் தகராறாக வந்து நிற்கும் என்பதை ஒவ்வொரு வாத்தியாரும் அனுபவத்தில் அறிந்திருப்பார்.

அடுத்தது ஆள் சேர்ப்பது. குழுவுக்குப் பத்துப் பதினைந்து பேர் வேண்டும். கட்டை வேஷக்காரர்கள், பெண் வேஷக்காரர்கள், கட்டியக்காரன், ஆர்மோனியம், மிருதங்கம் அல்லது டோலக், முகவீணை, தாளம், பின்பாட்டு. இவர்களில் பலர் மற்ற மாதங்களில் உழவு, நெசவு, கட்டட வேலை, கூலி வேலை என்று பிழைப்பவர்கள். நல்ல குரல் உள்ளவரை வேறு குழு இழுத்துக்கொள்ளாமல் இருக்க முன்கூட்டியே பணம் கொடுத்து வைப்பது வழக்கம். அந்தப் பணம் வட்டிக்கு வாங்கியதாகவும் இருக்கலாம். ஒரு வாத்தியாரின் கடனுக்கும் அவர் குழுவின் தரத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்றே சொல்ல வேண்டும்.

புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கிரீடம் முதலிய ஆபரணங்கள் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிச் செய்யப்படுபவை. இந்த ஆபரணப் பெட்டி குழுவின் முதல் சொத்து. இரண்டாவது சொத்து நாடகப் பிரதி. முன்பு ஓலையிலும் பிறகு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைக்கப்பட்டவை அவை. சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் வெளியிட்ட மலிவு விலைக் கூத்து நூல்களும் புழங்கின. ஆனால் அச்சில் உள்ளபடி யாரும் ஆடுவதில்லை. எந்தப் பாட்டை விடுவது, எங்கே விருத்தம் சேர்ப்பது, வசனத்தை எவ்வளவு நீட்டுவது என்பதை வாத்தியாரே முடிவு செய்கிறார்.

தனியாக ஒத்திகை நடத்தும் வழக்கம் குறைவு. பிள்ளைகள் கூடவே அலைந்து, பின்பாட்டில் நின்று, சிறு வேஷம் கட்டிப் படிப்படியாகக் கற்கிறார்கள். ஆகவே வாத்தியார் மேடையிலேயே நிகழ்ச்சியை இயக்க வேண்டியிருக்கிறது. அவர் வேஷம் கட்டாத நேரங்களில் பின்பாட்டுக்காரர்களோடு இருப்பார். நடிகர் சுருதி தவறினால் பின்பாட்டில் ஓங்கிப் பாடி இழுத்து நிறுத்துவார். கூட்டம் தூங்கினால் கட்டியக்காரனுக்குக் கண் காட்டுவார். விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தால் தர்க்கத்தை நீட்டச் சொல்வார். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் கூத்து சூரியன் எழும்போது முடிய வேண்டும். எட்டு மணிநேர இசை நாடகத்தைக் கையில் தாளோ கடிகாரமோ இல்லாமல் நடத்துவது எளிதல்ல.

வேஷம் பகிர்வதில்தான் வாத்தியாரின் அதிகாரமும் சங்கடமும் தெரியும். அர்ச்சுனன் தபசில் நடிகர் உயர்ந்த தபசு மரத்தின் மேல் பாடிக்கொண்டே ஏற வேண்டும். மேலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். குரலும் உடல்வலுவும் ஊராரின் நம்பிக்கையும் ஒருவரிடமே இருக்க வேண்டும். மூத்த நடிகருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய ஆண்டில் அந்த வேஷத்தை இளையவருக்கு மாற்றிக் கொடுப்பது குழுவையே உடைக்கக்கூடிய முடிவு. பல புதிய குழுக்கள் இப்படிப்பட்ட மனக்கசப்பிலிருந்து பிறந்தவைதான்.

புரிசைத் தம்பிரான்கள்

செய்யாறு அருகே உள்ள புரிசை, கூத்து வாத்தியார்களின் வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊர். தம்பிரான் குடும்பத்தினர் பல தலைமுறைகளாக அங்கே கூத்து நடத்தி வருகின்றனர். நடேசத் தம்பிரானின் கூத்தைச் சென்னையில் கண்ட எழுத்தாளர் ந. முத்துசாமி, நவீன நாடகத்துக்கான வேர் இங்கே இருக்கிறது என்று எழுதினார். அக்கட்டுரைகள் ‘அன்று பூட்டிய வண்டி’ என்ற நூலாயின. அவர் 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் நடிகர்களுக்குப் புரிசைக் கலைஞர்கள் பயிற்சி அளித்தனர்.

துரைசாமித் தம்பிரானின் மகன் கண்ணப்பத் தம்பிரான் கிராம விழாக்களை விடாமலே நகர மேடைகளுக்கும் வந்தவர். மகாபாரதத்துக்கு வெளியே சென்று பிரெக்டின் நாடகத்தையும் இக்குழு கூத்தாக ஆடியது. வெளியூர்ப் பார்வையாளர்களுக்காக எட்டு மணிநேரக் கூத்தை இரண்டு மணிநேரமாகச் சுருக்க வேண்டியிருந்தது. சுருக்கிய கூத்தில் கட்டியக்காரனின் ஊர் வம்பும் நீண்ட தர்க்கமும்தான் முதலில் போயின. இதை இழப்பு என்று சொல்வோர் உண்டு. நகரத்திலிருந்து கிடைத்த மதிப்புதான் அடுத்த தலைமுறையைத் தொழிலில் தங்கவைத்தது என்பதும் உண்மை. அவர் மகன் கண்ணப்ப சம்பந்தன் குழுவைத் தொடர்ந்து நடத்தினார். தந்தையின் நினைவாகப் புரிசையில் நாடக விழாவும் நடத்தப்பட்டு வருகிறது.

சபைக்காரர்களும் வாத்தியார்களும்

சென்னையில் வேறு வகைத் தலைமை உருவானது. பம்மல் சம்பந்த முதலியார் தம் பதினெட்டாம் வயதில், 1891-ல், நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர்களும் அரசு ஊழியர்களும் சம்பளம் வாங்காமல் நடித்த சபை அது. உறுப்பினர் சந்தா, நிர்வாகக் குழு, முறையான ஒத்திகை, நேரத்துக்குத் திரை உயர்த்துவது ஆகியவை அதன் அடையாளங்கள். முதலியார் தம் அனுபவங்களை ‘நாடக மேடை நினைவுகள்’ என்று விரிவாக எழுதி வைத்தார். அதனால் அச்சபையின் உள்விவகாரங்கள் இன்று நமக்குத் தெரிகின்றன.

கூத்து வாத்தியார்கள் அப்படி எழுதி வைக்கவில்லை. அவர்களைப் பற்றிய விரிவான பதிவுகள் பிற்காலத்தில் ஆய்வாளர்களால் வந்தவை. ரிச்சர்ட் பிராஸ்காவின் ஆய்வு 1990-ல் நூலாக வெளிவந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பு ஆல்ப் ஹில்ட்டபைட்டல் திரௌபதி வழிபாடு குறித்து எழுதிய நூலின் முதல் தொகுதி வந்தது.

பெயர்ச் சண்டையும் சங்கமும்

பெருங்கட்டூர் பொ. இராஜகோபால் கூத்துக் குடும்பத்தில் பிறந்து இளவயதிலேயே வேஷம் கட்டியவர். 1990-ல் கூத்துக் கலைஞர்களுக்கான சங்கம் காஞ்சிபுரத்தில் உருவாவதில் முன்னின்றார். ‘தெருக்கூத்து’ என்ற பெயர் கலைஞரைத் தெருவில் நிற்பவராகக் காட்டுகிறது என்றும், கட்டை ஆபரணத்தால் வந்த ‘கட்டைக்கூத்து’ என்ற பெயரே தகும் என்றும் அவரும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் வாதிட்டனர். புரிசையார் தெருக்கூத்து என்ற பெயரையே வைத்துக்கொண்டனர். இந்த விவாதம் முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஊர்க்காரர்கள் பலரும் இரண்டையும் விட்டு ‘கூத்து’ அல்லது ‘நாடகம்’ என்றே சொல்கிறார்கள்.

2002-ல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கப்பட்டது. பள்ளிப் படிப்பும் கூத்தும் சேர்த்துக் கற்பித்த அங்கே பெண் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். ஆண்களே பெண் வேஷம் கட்டிவந்த கலையில் இது பெரிய மாற்றம். குருகுலம் 2020-ல் மூடப்பட்டது.

இன்றைய நிலை

கூத்துக் குழுவுக்கு இன்று முதல் சிக்கல் இரவுதான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. கூத்து நடக்கும் நேரம் ஏறக்குறைய அதுவேதான். ஆண்டுக்குப் பதினைந்து நாள் வரை அரசு தளர்வு அளிக்கலாம், அதுவும் நள்ளிரவு வரை மட்டுமே. ஆகவே முன்பு ஊர்ப் பெரியவர்களிடம் மட்டும் பேசிய வாத்தியார் இப்போது காவல் நிலையத்துக்கும் போக வேண்டியிருக்கிறது. 2020, 2021 இரண்டு கோடைகளிலும் கொரோனாக் கட்டுப்பாடுகளால் விழாக்கள் நின்றன. நடிகர்களுக்கு ஏற்கெனவே கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை, ஊருக்குத் திருப்பிக் கொடுக்கவும் பணம் இல்லை.

கோடை வரும்போது செய்யாறு, ஆரணி, போளூர் வட்டாரச் சுவர்களில் பாரத விழாச் சுவரொட்டிகளைக் காணலாம். நாடகங்களின் பட்டியலுக்குக் கீழே குழுவின் பெயரும், அதற்குக் கீழே வாத்தியாரின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்கும்.