வழுக்கும் கிளட்ச் சொல்லும் வரலாறு

பினாங்கில், ஜார்ஜ் டவுன் வீதிகளில், 1925ஆம் ஆண்டு முதல் 1961ஆம் ஆண்டு வரை டிராலி பஸ்கள் ஓடின. தலைக்கு மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடிய அந்த வண்டிகளுக்குக் கிளட்ச் தேவைப்படவில்லை. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே வலுவுடன் இழுக்கக் கூடியது. பெட்ரோல் எஞ்சினுக்கு அந்தத் திறமை கிடையாது. அது சுற்றிக்கொண்டிருந்தால்தான் சக்தி தரும், நிறுத்தினால் அணைந்துபோகும். ஓடுகின்ற எஞ்சினையும் நிற்கின்ற சக்கரத்தையும் அதிர்ச்சியில்லாமல் சேர்த்துவைக்க ஓர் இடையாள் வேண்டும். அந்த இடையாளே கிளட்ச்.

டிராலி பஸ்கள் ஓடிய அந்தக் காலத்திலே பிரிட்டனின் சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களும் மலாயாவுக்கு வந்தன. அவற்றுள் பெயர் பெற்றது எம்.ஜி. இன்று அத்தகைய பழைய கார்களைத் தேடியெடுத்துப் புதுப்பிப்பவர்கள் பலர். வண்ணம் பளபளக்கிறது; எஞ்சினும் இனிமையாகப் பாடுகிறது. ஆனால் மேட்டில் ஏறும்போது எஞ்சின் மட்டும் வேகமாகச் சுற்றுகிறது, வண்டி முன்னேற மறுக்கிறது. இதைத்தான் கிளட்ச் வழுக்குகிறது என்கிறோம். உடனே புதிய தட்டு வாங்கிப் போடுவது பலருடைய வழக்கம். சில மாதங்களில் அதே நோய் திரும்பி வருகிறது. ஏன்? நோயாளியின் வரலாற்றைக் கேட்காமல் மருந்து கொடுத்துவிட்டோம். அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

கிளட்சின் கதை, பற்றிக்கொள்ளும் பொருளைத் தேடிய கதை. தொடக்கக் கால மோட்டார் வண்டிகள் பலவற்றில் கூம்பு வடிவக் கிளட்ச் இருந்தது. அதன்மேல் தோல் போர்த்தியிருப்பார்கள். எண்ணெய் பட்டால் தோல் வழுக்கும். காய்ந்துவிட்டால் வெடுக்கென்று பிடித்து வண்டியைக் குலுக்கும். வழுக்கினால் எண்ணெயை உறிஞ்சும் களிமண் தூளைத் தூவுவதும், முரட்டுத்தனமாகப் பிடித்தால் எண்ணெய் பூசி மென்மையாக்குவதும் அன்றைய ஓட்டுநர்கள் அறிந்த கைவைத்தியம்.

1897ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் குதிரை வண்டிகளின் பிரேக்கிற்கு நல்ல பிடிப்புப் பொருள் தேடத் தொடங்கினார். தம் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்து, ‘ஃபெரோடோ’ என்னும் வணிகப் பெயரை உருவாக்கினார். பின்னர் கல்நார் கலந்த பிடிப்புப் பட்டைகள் வந்தன. சூட்டைத் தாங்கும் இந்தப் பொருள், தட்டையான ஒற்றைத் தட்டுக் கிளட்ச் பரவ வழி செய்தது.

எம்.ஜி. கார்களிலேயே இந்த மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. 1936இல் வந்த டி.ஏ. என்னும் மாதிரியில் கிளட்ச் எண்ணெயில் நனைந்தபடியே வேலை செய்தது. தட்டில் தக்கைகள் பதித்திருந்தார்கள். 1939இல் வந்த டி.பி. மாதிரியில் அதைக் கைவிட்டு, உலர்ந்த தட்டைப் பொருத்தினார்கள். போருக்குப் பின் வந்த டி.சி.யும், 1950 முதல் 1953 வரை ஏறத்தாழ 30,000 வண்டிகள் செய்யப்பட்ட டி.டி.யும் அதே உலர்ந்த வழியையே பின்பற்றின. ஆகவே மூன்றே ஆண்டுகள் இடைவெளியில் மருத்துவமே தலைகீழாகிவிட்டது. டி.ஏ.யின் கிளட்சுக்கு எண்ணெய் உயிர்; டி.பி.யின் கிளட்சுக்கு எண்ணெய் நஞ்சு. ஆண்டு தெரியாமல் இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

இனி டி.டி. ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் டவுன் சமதரை. அங்கே மெல்ல ஓட்டினால் இந்த நோய் மறைந்தே இருக்கும். தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் செல்லும் மலைப்பாதையிலோ, 1985இல் திறந்த பினாங்குப் பாலத்தின் ஏற்றத்திலோ அது வெளிப்படும். மேல் கியரில் மிதமான வேகத்தில் சென்று எரிபொருள் மிதியை நன்றாக அழுத்துங்கள். சுற்றுமானியின் முள் விரைந்து ஏறி, வேகமானியின் முள் அசையாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள்.

நோய் தெரிந்தது, காரணம் எது? மலிவானதிலிருந்து தொடங்குவோம். கிளட்ச் மிதியில் ஏறத்தாழ முக்கால் அங்குலம் வெற்று அசைவு இருக்கவேண்டும். தட்டு தேயத் தேய இந்த அசைவு குறையும். அது அறவே இல்லையென்றால், ஓட்டுநர் காலை எடுத்த பிறகும் கிளட்சை யாரோ பாதி மிதித்துக்கொண்டிருப்பது போன்ற நிலை. சரிப்படுத்த ஒரு ஸ்பானரே போதும்.

அடுத்து எண்ணெய். இந்த எஞ்சினின் பின்முனையில் இக்காலத்து ரப்பர் வளையம் கிடையாது. சுழல்தண்டில் வெட்டிய மரை எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. தண்டு சுற்றும்போதுதான் அது வேலை செய்யும். எஞ்சின் நின்ற பிறகு எண்ணெய் கசியலாம். வடிவமைத்தவர்களே இதை எதிர்பார்த்திருந்தார்கள். கிளட்ச் உறையின் அடியில் ஒரு துளையிட்டு, அது அடைபடாதிருக்க அதில் ஒரு பிளவு ஊசியை ஆடவிட்டார்கள். அந்தத் துளை அடைபட்டால் எண்ணெய் தட்டைச் சேரும். எண்ணெய் குடித்த தட்டை மாற்றுவதற்கு முன், கசிவை நிறுத்துவது முக்கியம்.

மூன்றாவது காரணம் புதுப்பித்த வண்டிகளுக்கே உரியது. கீறல் விழுந்த பிளைவீலின் முகத்தைக் கடைசலில் தேய்த்துச் சமன்செய்வார்கள். ஆனால் அழுத்துத் தட்டின் மூடி அமரும் விளிம்பையும் அதே அளவு குறைக்க மறந்துவிட்டால், விற்சுருள்கள் முழு அழுத்தம் தராமல் தளர்ந்து நிற்கும். எல்லா உறுப்பும் புதிது. ஆனாலும் கிளட்ச் வழுக்கும்! மேலும், டி.டி.யின் தட்டு உற்பத்தியின் நடுவிலேயே 7¼ அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக மாறியது. எந்தத் தட்டு வந்திருக்கிறது என்று அளந்து பார்க்காமல் பொருத்துவது தவறு.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. நம்மைக் காத்த கல்நாரே நம்மை அழிக்கவும் செய்தது. பழைய தட்டு தேய்ந்து உதிர்ந்த தூள் கிளட்ச் உறைக்குள் தங்கியிருக்கலாம். அதை மூச்சில் இழுத்தால், பல ஆண்டுகள் கழித்து நுரையீரலைத் தாக்கும் புற்றுநோய் வரலாம். பிரிட்டனே தன் கல்நாரை 1999இல் முற்றிலுமாகத் தடைசெய்தது. ஆகவே பழைய கிளட்சைத் திறக்கும் பட்டறைத் தொழிலாளி காற்றழுத்தத்தால் தூளை ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, தகுந்த முகமூடியும் அணிய வேண்டும். அழகிய காருக்காக ஒரு பட்டறைப் பையனின் மூச்சை விலையாகக் கொடுக்க முடியாது.

நேயர்களே, கழற்றுவதற்கு முன் கேட்பதே நல்ல மெக்கானிக்கின் இலக்கணம். வண்டி எந்த ஆண்டுப் படைப்பு, எந்த எஞ்சின், யார் எப்போது பழுது பார்த்தார் என்னும் மூன்று கேள்விகள், மூன்று ஸ்பானர்களைவிட அதிக வேலை செய்யும். கிளட்ச் மெல்ல வழுக்கும்போதே அதன் வரலாற்றை விசாரிப்போம்; அதற்குப் பின் கருவியைக் கையில் எடுப்போம்.