தடவை எண்ணும் சொற்கள்: லத்தீனின் பிஸ், கம்பத்தின் இருபோகம்

ஒரு செயல் எத்தனை தடவை நடந்தது என்பதைக் குறிக்க லத்தீனில் தனிச்சொற்களே உண்டு. செமெல் என்றால் ஒருமுறை, பிஸ் இருமுறை, தெர் மும்முறை, க்வாத்தெர் நான்குமுறை. ஐந்திலிருந்து எண்ணோடு ஒரு விகுதி ஒட்டிக்கொள்ளும்: பத்துமுறைக்கு தெக்கியேஸ், நூறுமுறைக்கு கென்தியேஸ். ரோமர்கள் பெருந்தொகையையும் இவற்றாலேயே சொன்னார்கள். செஸ்டர்ஷியஸ் காசுக் கணக்கில் தெக்கியேஸ் என்றால் பத்துமுறை நூறாயிரம், அதாவது 10 லட்சம். நூறாயிரம் என்பது சொல்லாமலே விளங்கும். தேனி மருந்துக்கடைக்கு வரும் சீட்டில் பி.டி., டி.டி.எஸ். என்றிருக்கும் குறிகளின் முதலெழுத்தும் பிஸ், தெர் என்பவைதான்: நாளுக்கு இருவேளை, மூன்றுவேளை.

தமிழ் வேறு வழியில் போனது. எண்ணோடு ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்தால் போதும். அப்படிச் சேரும்போது எண் எப்படிக் குறுகும் என்பதைத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் விரிவாகப் பேசுகிறது. பழந்தமிழில் அந்தப் பெயர்ச்சொல் 'கால்'. ஒருகால், இருகால், முக்கால் என்றால் ஒருமுறை, இருமுறை, மும்முறை. பின்னாளில் முக்கால் என்பது பின்னத்துக்கே உரியதாகிவிட்டது. ஒருகால் என்பதற்கு 'ஒருவேளை' என்ற பொருளும் ஏறியது. பேச்சில் 'ஒருக்கா' இன்னும் வாழ்கிறது. தடவை, வாட்டி, தரம், சென்னையின் தபா என்று மற்றவை இடத்துக்கு இடம் மாறும். ஏலம் கூறுபவர் மட்டும் எங்கும் 'தரம்' என்றுதான் சொல்வார்: ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்.

இந்த முறையின் அழகு, எண்ணோடு சேரும் பெயரே எதை எண்ணுகிறோம் என்பதையும் சொல்லிவிடுவது. மருந்துக்கு வேளை, வலத்துக்குச் சுற்று, விளைச்சலுக்குப் போகம்.

கல்வெட்டுகளில் ஆண்டுக்கு இருமுறை விளையும் நிலம் 'இருபூ'. பூ என்பது அங்கே ஒரு விளைவு. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கு இருபோகம் என்று பெயர். 1895-இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை, மேற்கே ஓடிய பெரியாற்று நீரைச் சுரங்கம் வழியே கிழக்கே திருப்பியது. அந்த நீரில் விளைவது லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம்: உத்தமபாளையம் வட்டத்தில் 11,807, தேனியில் 2,412, போடிநாயக்கனூரில் 488. முதல்போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 1. மழை பொய்த்து நீர்மட்டம் ஏறாவிட்டால் அந்தத் தேதி தள்ளிப்போகும். இரண்டாம் போகம் ஆட்டம் காணும்.

எண் மாறினால் உரிமையும் மாறும். வைகை அணையைத் தாண்டி, பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம். அதற்கப்பால் மேலூர்ப் பகுதியின் 85,563 ஏக்கரும் திருமங்கலம் கால்வாயின் 19,439 ஏக்கரும் ஒருபோகம்தான். அணைநீர் குறைந்தால் கால்வாய்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். அதற்கு முறைப்பாசனம் என்று பெயர். தடவையைக் குறிக்கும் அதே 'முறை' இங்கே ஒவ்வொரு ஊரும் தன் பங்குக்குக் காத்திருக்கும் வரிசையாகிறது.