ஒட்டகம் வேண்டும், ஓட்டுபவன் வேண்டாம்!

வழி கண்டவன் பெயரைக் கல்லிலே பொறிப்பர். அவனுக்காகச் சுமை சுமந்தவன் பெயரை மணலிலே எழுதுவர். ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் வரலாறு இதற்குச் சான்று.

கரையோரத்திலே குடியேறிய வெள்ளையர் உள்நாட்டுக்குள் புக முயன்றபோது, குறுக்கே நின்றது பாலை. குதிரைக்கு நீர் வேண்டும். மாட்டுக்குப் புல் வேண்டும். இரண்டுமற்ற நிலத்திலே என் செய்வது? ஒட்டகத்தை நாடினர். ஒட்டகத்தை விலைக்கு வாங்கலாம். அதனை நடத்தும் அறிவுக்கு எங்கே போவது? ஆகவே ஆளையும் சேர்த்தே கப்பலேற்றினர்.

1860-இல் பர்க், வில்ஸ் ஆகியோரின் ஆய்வுப் பயணத்துக்காக 24 ஒட்டகங்கள் கராச்சியிலிருந்து வந்தன. 1866-இல் தாமஸ் எல்டர் என்னும் செல்வர் நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களையும் 31 ஓட்டுநரையும் வருவித்தார். அதன்பின் பல பத்தாண்டுகளில் வந்து சேர்ந்தோர் 2,000 முதல் 4,000 பேர் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. பலூசியர், பட்டாணியர், பஞ்சாபியர், சிந்தியர் எனப் பலர் அவருள் இருந்தனர். வெள்ளையர் நாவிலோ அனைவரும் ‘ஆப்கானியர்’! யார் எவரென்று கேட்டறியவும் மனமில்லாத ஆணவம் அது.

அவர்கள் ஆற்றிய பணி சிறிதா? 1872-இல் நிறைவுற்ற, கண்டத்தின் குறுக்கே சென்ற தந்திப்பாதைக்குப் பொருள் சுமந்தனர். பண்ணைக்கு உணவும், சுரங்கத்துக்கு நீரும் கொண்டு சென்றனர்; கம்பளி மூட்டைகளோடு திரும்பினர். 1873-இல் வில்லியம் காஸ் என்பார் உலுரு என்னும் மாபெரும் பாறையில் ஏறியபோது, உடன் ஏறியவர் கம்ரான் என்னும் ஒட்டகக்காரர். பழங்குடி மக்கள் காலங்காலமாக உலுரு என்றழைத்த அப்பாறைக்கு, ஏயர்ஸ் என்னும் வெள்ளை அரசியல்வாதியின் பெயரைச் சூட்டினார் காஸ். கம்ரானுக்கு? ஒரு நீர்நிலையின் பெயர்!

உழைப்புக்குக் கிடைத்த பரிசு யாது? மாரி என்னும் சிற்றூரிலே இருப்புப்பாதையே எல்லைக்கோடாயிற்று. ஒருபுறம் வெள்ளையர், மறுபுறம் ஆப்கானியரும் பழங்குடியினரும். 1901-ஆம் ஆண்டின் குடியேற்றத் தடைச் சட்டம், ஐரோப்பிய மொழியொன்றிலே 50 சொற்களைக் கேட்டு எழுதச் சொல்லி, வேண்டாதவரை வடிகட்டியது. எந்த மொழி என்பதை முடிவு செய்தவர் அதிகாரி. தேர்வா அது? தோற்கடிப்பதற்கென்றே விரித்த வலை! 1903-ஆம் ஆண்டுச் சட்டமோ ஆசியாவில் பிறந்தோர் குடியுரிமை கேட்கும் வழியையே அடைத்தது. பாலையைக் கடக்கும்போது ஆற்றலைப் பார்த்தவர்கள், உரிமை கேட்கும்போது பிறப்பைப் பார்த்தனர்.

பலூசிஸ்தானத்தில் பிறந்த பேஜா தர்வேஷ் என்பார், 1896-இல் புறப்பட்ட கால்வர்ட் ஆய்வுக் குழுவிலே பணியாற்றினார். வெள்ளையர் இருவரைப் பாலை விழுங்கிய கொடும்பயணம் அது. குழுத்தலைவர் லாரன்ஸ் வெல்ஸ், நன்றியோடு தம் திசைகாட்டியை அவருக்கு அளித்தார். தனிமனிதன் நெஞ்சிலே நன்றி சுரந்தது. நாட்டின் சட்டத்திலே அது சுரக்கவில்லை.

பின்னர் உந்துவண்டி வந்தது, பாதையும் நீண்டது. ஒட்டகத்தின் தேவை தீர்ந்தது. 1925-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில், கட்டுக்காவலின்றித் திரியும் ஒட்டகங்களைச் சுட்டுக்கொல்ல வழிசெய்யும் சட்டம் பிறந்தது. தோழனாய் உடன் நடந்த விலங்கைக் கொல்ல மனம் வராமல், பலர் அவற்றைப் பாலையிலே அவிழ்த்துவிட்டனர். அவற்றின் வழிவந்தவை பல்கிப் பெருக, 2009 முதல் 2013 வரை நடந்த ஒழிப்புத் திட்டத்திலே சுமார் 1,60,000 ஒட்டகங்கள் மாண்டன.

1929-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸை எட்டிய தொடர்வண்டிக்கு, ஆப்கானியரை நினைவூட்டும் ‘கான்’ என்னும் பெயர் நிலைத்தது. இன்றும் அப்பெயருடன் அது ஓடுகிறது. பெயரை வண்டிக்குக் கொடுத்தவர்கள், அம்மனிதருக்கு வாக்குரிமையைக் கொடுத்தார்களா? எந்நாட்டு வரலாற்றைப் படிப்பினும், இளைஞர்களே, முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: சுமந்தவன் யார்? அவனுக்குக் கொடுத்தது என்ன?