திருகோணமலை பற்றிய கடிதம்

1987 ஜூலை 29இல் ரஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தபோது நான் பள்ளி மாணவன். பின்னர் விரிவுரையாளனாகி, அதனை இனப்பிரச்சினைத் தீர்வு என்ற தலைப்பின் கீழேயே படிப்பித்தேன். அன்றே இருவரும் பரிமாறிய கடிதங்களுக்கு ஒரு வசனம் மட்டும் ஒதுக்கினேன். ரொறன்ரோவில் தொழிற்சாலை இரவு வேலையின் இடைவேளைகளில் அவற்றை மறுபடி வாசித்தபோது வெட்கமாயிருந்தது.

கடிதங்கள் சொல்வது என்ன? திருகோணமலைத் துறைமுகம் இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டு இராணுவத்துக்கும் கிடைக்கக் கூடாது. அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகப் புனரமைத்து இயக்கும். வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் உளவு வேலைக்குப் பயன்படலாகாது. பதிலுக்கு, பிரிவினை கோரும் இலங்கையரை இந்தியா நாடுகடத்தும். இலங்கைப் படைகளுக்குப் பயிற்சியும் தரும். இதில் நாம் எங்கே நின்றோம் என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

1985 முதல் 1989 வரை கொழும்பில் இந்திய உயர்ஸ்தானிகராக இருந்தவர் ஜே.என். டிக்சித். (பொதுநலவாய நாடுகள் தமக்குள் தூதுவரை அப்படித்தான் அழைக்கும்.) தெற்கில் அவரை வைஸ்ரோய் என்று ஏசினார்கள். எங்கள் வீட்டிலோ அவர் எமக்காக வாதாட வந்த அப்புக்காத்து. அவர் டெல்லியின் உத்தியோகத்தர். டெல்லியின் அலுவலைச் செய்தார். அவரைத் திட்டிப் பயனில்லை, எமது வாசிப்புத்தான் பிழை.

வடக்குக் கிழக்கு இணைப்புச் செல்லாதென 2006இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. குதங்களின் கதை வேறு. 2003இல் இந்தியன் ஒயில் நிறுவனம் உள்ளே வந்தது. 2022 ஜனவரியில் 99 குதங்களும் பங்கிடப்பட்டன: கூட்டு நிறுவனத்துக்கு 61, லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24.